நில்லாது ஓடும் நாகரிகம்!

விக்கிரவாண்டி! பெயரை உச்சரிக்கும்போதே ‘வண்டி’ என்ற ஓசை நாவிலே உருள்கிறது. விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடையே, தலைநகரையும் தென்பாண்டிச் சீமையையும் இணைத்திடும் இருப்புப் பாதையிலே ஒரு நிலையம். அந்தப் பாதைக்குத் துணையாக ஓடும் தேசிய நெடுஞ்சாலையிலே ஒரு சுங்கச்சாவடி. கும்பகோணத்திற்கும் தஞ்சைக்கும் செல்வோர் திரும்பிடும் முனை. தெற்கே போகும் தமிழகமும் வடக்கே வரும் தமிழகமும் இந்த ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ஆம், தாண்டித்தான் போகின்றன! தடதடவென்று தண்டவாளம் அதிர ஓடுகின்றன விரைவு ரயில்கள். சரசரவென்று சாலையைக் கிழித்து ஓடுகின்றன சொகுசுப் பேருந்துகள். பகலெல்லாம் ஓட்டம், இரவெல்லாம் ஓட்டம்! பண்டிகைக் காலம் வந்துவிட்டாலோ, சுங்கச்சாவடியிலே எறும்பு வரிசை போல வாகன அணிவகுப்பு! பார்ப்பதற்குப் பெருமைதான். ஆனால், அந்த ஊரிலே பிறந்து, அந்த ஊரிலே வளர்ந்து, சென்னையிலே கொத்து வேலைக்குப் போகிற பாட்டாளி வண்டி ஏற வேண்டுமென்றால் என்ன செய்கிறான்? வடக்கே போக வேண்டியவன், முதலில் தெற்கே விழுப்புரம் போகிறான்! அங்கே ரயிலைப் பிடித்து, தன் ஊரின் பெயர்ப் பலகையைச் சன்னல் வழியே பார்த்துக்கொண்டே, தன் ஊரைத் தாண்டிச் செல்கிறான்! எதிர்த் திசையிலே நடந்து பிறகு திரும்பி ஓடுகிற இந்தப் பயணத்திற்கு என்ன பெயர் சூட்டுவது? முன்னேற்றம் என்றா?

காசு கொடுக்க மறுப்பவனா அவன்? இல்லை. ஏறத் தெரியாதவனா? இல்லை. வண்டி நிற்கவில்லை. அவ்வளவுதான்!

விக்கிரவாண்டிக்கு மட்டும் நேர்ந்த கதியல்ல இது. முண்டியம்பாக்கம், பேரணி, மயிலம், ஒலக்கூர் என்று அந்தப் பாதையிலே வரிசையாக நிலையங்கள் இருக்கின்றன. அவற்றிலெல்லாம் நின்று செல்வது பயணியர் ரயில் எனப்படும் சாதாரண வண்டி. அது வரும் நேரம் வேலைக்குப் போகிறவனின் நேரத்தோடு பொருந்தினால் அவன் பேறு. பொருந்தாவிட்டால் அவன் பாடு. விரைவு வண்டிகளில் பெரும்பாலானவற்றிற்கு இந்த ஊர்களெல்லாம் வேகமாக மறைந்துபோகும் மஞ்சள் பலகைகள், அதற்குமேல் ஒன்றுமில்லை.

ஒரு நாட்டின் நாகரிகத்தை வண்டி ஓடுகிற வேகத்தைக் கொண்டு அளப்பவர்கள் இருக்கிறார்கள். மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று மார்தட்டுவார்கள். நாம் வேகத்திற்கு விரோதிகள் அல்லர். ஆனால், நம் அளவுகோல் வேறு. வண்டி எங்கே நிற்கிறது? யாருக்காக நிற்கிறது? நிற்கிற இடத்திற்கு நடந்து வருகிறவன் வந்து சேர முடிகிறதா? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை சொல்லட்டும். பிறகு வேகத்தைப் பற்றிப் பேசுவோம்.

இந்தக் கேள்விகள் நம் இயக்கத்திற்குப் புதியவை அல்ல. தோழர்களே, எண்ணிப் பாருங்கள்! சென்னையிலிருந்து விக்கிரவாண்டி வழியாகத் திருச்சி வரை நீளும் இந்த இருப்புப் பாதை நெடுகிலும் நம் இயக்கத்தின் வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. செங்கற்பட்டிலே 1929 பிப்ரவரியில் முதல் சுயமரியாதை மாநாடு கூடியது. அதற்குத் தலைமை தாங்கியவர் டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியனார். இராமநாதபுரம் மாவட்டக் கழகத்தின் தலைவராக அவர் இருந்தபோது செய்த காரியம் என்ன? ஆதிதிராவிட மக்களை ஏற்ற மறுக்கும் பஸ்களின் உரிமத்தைப் பறிப்பேன் என்று ஆணை பிறப்பித்தார். ‘ஏறாதே’ என்று சொன்ன முதலாளி, ‘ஏறுங்கள்’ என்று சொல்லும்படி ஆயிற்று. இரயில் நிலைய உணவு விடுதிகளிலே பார்ப்பனருக்குத் தனியிடம் என்று இருந்த முறை, பெரியாரின் இடையறாத எதிர்ப்பிற்குப் பின்னர் 1941-இல் ஒழிந்தது. 1952 ஆகஸ்ட் முதல் நாள், நிலையப் பலகைகளில் ஏறி உட்கார்ந்த இந்தி எழுத்தின் மேல் தார் விழுந்தது. 1953 ஜூலை 15, கல்லக்குடி! டால்மியாபுரம் என்ற பெயரை அகற்று என்று கலைஞர் தண்டவாளத்தில் தலை வைத்தார், சிறை புகுந்தார், பின்னர் அந்த நிலையத்தின் பலகையிலே கல்லக்குடி என்ற பெயர் ஏறியது.

யார் ஏறலாம் என்பது முதல் போர். எங்கே உட்காரலாம் என்பது இரண்டாவது போர். பலகையிலே என்ன மொழி, என்ன பெயர் என்பது மூன்றாவது போர். அமெரிக்க நாட்டு மாண்ட்கோமரி நகரிலே, 1955 டிசம்பரில், பஸ்ஸிலே தன் இருக்கையை விட்டு எழ மறுத்த ரோசா பார்க்ஸ் அம்மையாருக்காகக் கறுப்பின மக்கள் 381 நாட்கள் பஸ்ஸைப் புறக்கணித்து நடந்தார்களே, அதுவும் இந்தப் போர்களின் உடன்பிறப்புத்தான். இவற்றிலே வென்ற நாம், நான்காவது போரை மறந்துவிடலாமா? யாரும் ஏறலாம் என்று சட்டம் சொல்கிறது. எங்கும் உட்காரலாம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால், வண்டி நிற்காத ஊர்க்காரனுக்கு அந்தச் சட்டத்தால் என்ன பயன்? கதவு திறந்திருக்கிறது, ஆனால், வீடு ஓடிக்கொண்டிருக்கிறது! இதுதானே இன்றைய நிலை?

ஏழைக்காக ரயில் நிற்க வேண்டும் என்பது ஏதோ நாம் புதிதாகக் கண்டுபிடித்த கோரிக்கை என்று எண்ணிவிட வேண்டாம். ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்கு முன்பே, முதலாளித்துவத்தின் தாயகமாகிய பிரிட்டனிலேயே ஒரு சட்டம் வந்தது. 1844-ஆம் ஆண்டு. வணிக வாரியத்தின் தலைவராக இருந்த கிளாட்ஸ்டன் முன்னின்று கொண்டுவந்தது. அந்தச் சட்டம் ரயில் கம்பெனிகளுக்கு இட்ட கட்டளை என்ன? நாள்தோறும் ஒவ்வொரு திசையிலும் ஒரு வண்டியாவது மூன்றாம் வகுப்பு மக்களுக்காக ஓட வேண்டும். மழையும் காற்றும் தாக்காதபடி அந்த வண்டி மூடப்பட்டிருக்க வேண்டும். மணிக்கு 12 மைலுக்குக் குறையாமல் ஓட வேண்டும். கட்டணம் மைலுக்கு ஒரு பென்னிக்கு மேல் போகக் கூடாது. இத்தனையும் சொல்லிவிட்டு, இன்னொன்றும் சொன்னது: வழியிலுள்ள ஒவ்வொரு நிலையத்திலும் நிற்க வேண்டும்!

கம்பெனிகள் விரும்பினவா? இல்லை. அகாலத்திலே அந்த வண்டியை ஓட்டின. ஆமை வேகத்திலே ஓட்டின. ஆனாலும் ஓட்டித் தீர வேண்டியிருந்தது. ஏனெனில், அது பாராளுமன்றத்தின் ஆணை. மக்கள் அந்த வண்டிக்கு ‘பாராளுமன்ற ரயில்’ என்றே பெயர் வைத்தார்கள். இலாபத்திற்காக ஓடிய தனியார் கம்பெனிகளையே அன்றைய பாராளுமன்றம் ஊருக்கு ஊர் நிற்க வைத்தது. இன்று ரயில்வேயோ மக்களின் சொத்து. மக்களின் வரிப்பணத்திலே வளர்ந்தது. அதை நிற்கச் சொல்வது பேராசையா?

‘நிறுத்தம் கேட்கிறீர்களே, உங்கள் நிலையத்திலே வருமானம் உண்டா?’ என்று அதிகாரிகள் திருப்பிக் கேட்பார்கள். பரீட்சார்த்தமாகச் சில திங்கள் நிறுத்திப் பார்ப்பார்கள். எத்தனை டிக்கெட் விற்றது என்று எண்ணுவார்கள். எண்ணிக்கை போதாது என்றால் நிறுத்தத்தை எடுத்துவிடலாம். கணக்குச் சரிதானே என்று தோன்றும். சற்று உற்றுப் பாருங்கள், அந்தக் கணக்கிலே உள்ள ஓட்டை தெரியும்! விக்கிரவாண்டிக்காரன் எங்கே டிக்கெட் வாங்குகிறான்? வண்டி நிற்கிற விழுப்புரத்திலே வாங்குகிறான். அவன் கொடுத்த பணம் எந்த நிலையத்தின் வருமானத்திலே சேருகிறது? விழுப்புரத்திலே! ஆகவே ஏட்டிலே எழுதுகிறார்கள்: விழுப்புரத்தில் கூட்டம், விக்கிரவாண்டியில் ஆள் இல்லை! வண்டி நிற்காததால் டிக்கெட் விற்கவில்லை. டிக்கெட் விற்காததால் வண்டி நிற்கவில்லை! சோறு போடாமல் வைத்திருந்துவிட்டு, ‘உனக்குத்தான் உடலிலே வலு இல்லையே, உனக்கு எதற்குச் சோறு?’ என்று கேட்பதுபோல இருக்கிறது இந்த நியாயம்!

விக்கிரவாண்டியிலே ஆள் இல்லையாம்! பக்கத்துக் கிராமங்களிலிருந்து நெல்லும் பயிறும் ஏற்றி வருகிற உழவர்கள் கூடும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் இருக்கிறது. மறைமலை நகருக்கும் சிங்கப்பெருமாள் கோயிலுக்கும் கூடுவாஞ்சேரிக்கும் தொழிற்சாலை வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிற இளைஞர்கள் இருக்கிறார்கள். அந்த ஊர்கள் எல்லாம் எந்தப் பாதையிலே இருக்கின்றன? இதே இருப்புப் பாதையிலே! வேலை இருக்கும் ஊரும் ஆள் இருக்கும் ஊரும் ஒரே தண்டவாளத்தின் இரு நுனிகள். நடுவிலே ஓடும் வண்டிதான் இருவரையும் சேர்த்து வைக்க மறுக்கிறது.

இந்தப் பாதை ஏழ்மைப்பட்ட பாதையுமல்ல. 1870-களிலே போடப்பட்டது. தாம்பரத்திலிருந்து விழுப்புரம் வரை 1965-லேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அப்போது அது சிறிய பாதை, மீட்டர் கேஜ். பிறகு அகலப் பாதையாயிற்று. இரட்டைப் பாதையும் ஆயிற்று. சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி என்று ஐந்து திசைக்குப் பாதை பிரியும் பெரிய சந்திப்பு விழுப்புரம். மின்சாரம் வந்து 60 ஆண்டு, பாதை அகன்றது, இரட்டித்தது. ஆனால், பாதையோரத்து மனிதனின் வாய்ப்பு மட்டும் அகலவில்லை, இரட்டிக்கவும் இல்லை!

பக்கத்திலே செஞ்சியைப் பாருங்கள். கோட்டை இருக்கிறது, கொத்தளம் இருக்கிறது, ரயில் இல்லை. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர் புதிய பாதை. 2006-07-இல் டில்லி அனுமதி தந்த திட்டம். அன்று பிறந்த குழந்தை இன்று வாக்காளன். அவன் இன்னும் செஞ்சியிலே ரயிலைப் பார்த்ததில்லை.

டில்லி ஒன்றும் செய்யவில்லை என்றும் சொல்லிவிட முடியாது, செய்தது! 2020 மார்ச்சில் பெருந்தொற்று வந்தது, ரயில்கள் நின்றன. பின்னர் சாதாரண வண்டிகள் மீண்டும் ஓடத் தொடங்கியபோது ஓர் அதிசயம் நடந்தது. அதே பெட்டி, அதே பலகை இருக்கை, அதே வேகம், அதே நிலையங்கள். ஆனால், பெயர் மட்டும் ‘விரைவு சிறப்பு ரயில்’! பெயர் மாறியதும் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாயாகத் தாவியது. கழுதைக்குக் குதிரை என்று பெயர் சூட்டி, குதிரைக்கு உரிய வாடகை வாங்கியதைப் போல! 2024 பிப்ரவரி இறுதியிலேதான் பழைய 10 ரூபாய்க் கட்டணம் திரும்பியது. தேர்தல் வாசலிலே வந்து நின்ற நேரம் அது என்பதைத் தோழர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. ஆனால், அதே 2020 மார்ச்சில் பறிக்கப்பட்ட மூத்த குடிமக்களின் கட்டணச் சலுகை, அந்த 10 ரூபாயோடு சேர்ந்து திரும்பி வரவில்லை. தள்ளாத வயதிலே மகளைப் பார்க்கப் போகும் கிழவனிடம் சேமிக்கிற காசுதானா ஒரு பேரரசின் கருவூலத்தை நிரப்பப் போகிறது?

இந்த அநியாயங்களையெல்லாம் எடுத்துக் கேட்பதற்கு ஒரு மேடை இருந்தது. 1924 முதல் ரயில்வேக்கென்று தனி வரவு செலவுத் திட்டம். அதன் மீது தனி விவாதம். எந்த ஊருக்கு என்ன வண்டி என்று உறுப்பினர்கள் எழுந்து கேட்பார்கள். 2017-இல் அதுவும் பொது வரவு செலவுத் திட்டத்திலே கரைக்கப்பட்டது. கடலிலே கரைத்த பெருங்காயத்தின் மணத்தை எங்கே தேடுவது?

வந்தே பாரத் வந்ததே என்பார்கள். வந்தது. சென்னை எழும்பூரிலிருந்து நெல்லைக்கு 2023 செப்டம்பரில், நாகர்கோவிலுக்கு 2024 ஆகஸ்டில். இரண்டும் விழுப்புரத்திலே நிற்கின்றன. குளிரூட்டிய பெட்டி, சாய்விருக்கை. அது விக்கிரவாண்டியில் நிற்க வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. நெடுந்தூரம் போகிறவர்கள் விரைந்து போகட்டும், வாழ்த்துகிறோம். அந்த வண்டி கடந்து போவதற்காகச் சாதாரண வண்டியை ஒதுக்கி நிறுத்தாதீர்கள் என்றுதான் கேட்கிறோம். விரைவு வண்டியின் முன்னே இரண்டு, பின்னே இரண்டு என்று முன்பதிவில்லாப் பெட்டிகளை ஒட்ட வைத்துவிட்டு, அவற்றிலே ஆட்டு மந்தைபோல் அடைத்துக் கொண்டு போகாதீர்கள் என்று கேட்கிறோம். மூன்றாம் வகுப்புப் பயணியின் அவதியைப் பற்றிக் காந்தியார் 1917-லேயே எழுதி அச்சிட்டார். 1974-இல் மூன்றாம் வகுப்பு என்ற பெயரையே நீக்கினார்கள். பெயர் போயிற்று, மூன்றாம் வகுப்பு மனிதன் அந்தப் பெட்டியின் படிக்கட்டிலே தொங்கிக் கொண்டிருக்கிறான்! மனம் இருந்தால் மார்க்கம் உண்டு என்பதைக் காட்டியவர் மது தண்டவதே. 1977-இல் ரயில்வே அமைச்சரானவர், இரண்டாம் வகுப்புப் பயணி கட்டையிலே படுக்க வேண்டுமா என்று கேட்டு, அந்தப் படுக்கைகளுக்கு மெத்தை வைத்தார். சில அங்குலப் பஞ்சுதான்! ஆனால், அவர் பெயரை ஏழை இன்னும் மறக்கவில்லை.

ஒருமுறை விக்கிரவாண்டியின் பெயர் நாடு முழுதும் ஒலித்தது. 2024 டிசம்பர் 2-ஆம் நாள். ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழை. மயிலத்திலே ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்குப் பெய்த மழை. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்திற்கும் இடையிலுள்ள ரயில் பாலத்திலே வெள்ளம் அபாய அளவைத் தாண்டியது. உடனே தென்மாவட்ட ரயில்கள் நிறுத்தப்பட்டன. சில வேறு பாதையிலே திருப்பப்பட்டன. பாராட்டுகிறோம். மனமாரப் பாராட்டுகிறோம்! ஏனெனில், இதே பாதையிலே தெற்கே, அரியலூர் அருகே, 1956 நவம்பர் 23 அன்று மருதையாற்று வெள்ளத்திலே பாலம் இடிந்து, தூத்துக்குடி விரைவு வண்டி கவிழ்ந்து, நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள் பலியானதை நாம் மறக்கவில்லை. அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அன்று நிற்காமல் ஓடியது, இன்று நின்றது. மழையிலே நனைந்து, பாலத்தடியிலே நீர்மட்டம் பார்த்து நின்ற தொழிலாளத் தோழனின் கண்தான் ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்தது. அவனுக்கு நம் வணக்கம்! கேட்பது ஒன்றே: வெள்ளத்திற்காக நிற்கத் தெரிந்த வண்டிக்கு, வியர்வைக்காக நிற்கத் தெரியாதா?

டில்லியை மட்டும் கேட்டுவிட்டு நம் வீட்டுத் திண்ணையிலே போய்ப் படுத்துக்கொள்வது நேர்மையல்ல. பஸ் யாருடையது? நம்முடையது! கழக ஆட்சிதான் முதலாளிகளின் கையிலிருந்து வழித்தடங்களை எடுத்து அரசுடைமையாக்கியது. 1972-இல் சென்னையிலே பல்லவன், மதுரையிலே பாண்டியன், கும்பகோணத்திலே சோழன், கோவையிலே சேரன். 1975-இல் விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு பிறந்த போக்குவரத்துக் கழகத்திற்குச் சூட்டிய பெயர் எது? தந்தை பெரியார்! 1997-இல் தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டு எல்லாம் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் ஆயின. பெயர்ப் பலகை மாறலாம், பெற்றோர் மாறுவதில்லை. பெரியாரின் பெயரோடு பிறந்த பஸ், ஊருக்குள்ளே வர மறுக்கலாமா?

நெடுஞ்சாலையோரத்து ஊர் எதிலும் நாள்தோறும் கேட்கிற உரையாடல் இது. கையிலே பையும் இடுப்பிலே பேரப்பிள்ளையுமாக ஒரு மூதாட்டி.

“தம்பி, ஊருக்குள்ள போகுமாப்பா?”

“போகாது பாட்டி. பைபாஸ்ல எறங்கிக்க.”

“அங்கேர்ந்து எப்படிப்பா போறது? இருட்டிப் போச்சே.”

“நான் என்ன பண்றது பாட்டி? நேரத்துக்குப் போய்ச் சேரலைன்னா என்னைத்தான் கேப்பாங்க. சீக்கிரம் எறங்கு.”

நடத்துநர் தோழனைக் குறை சொல்லமாட்டோம். அவனுக்கு நேரக் கணக்கு, வசூல் கணக்கு, டீசல் கணக்கு! பரனூரிலே சுங்கம், ஆத்தூரிலே சுங்கம், விக்கிரவாண்டியிலே சுங்கம் என்று ஏழைகளை ஏற்றிச் செல்லும் அரசுப் பேருந்தும் கட்டிவிட்டுத்தான் ஓடுகிறது. கணக்கு எழுதுகிறவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அந்த மூதாட்டி புறவழிச் சாலையிலிருந்து இருட்டிலே நடந்த நேரம் எந்தக் கணக்கிலே ஏறியது? பஸ் மிச்சப்படுத்திய பத்து நிமிடத்திற்கு அவள் அரைமணி நேரம் கொடுத்தாளே, அது எந்த ஏட்டிலே வரவு?

2021 மே 7 அன்று பொறுப்பேற்றதும் தளபதி மு. க. ஸ்டாலின் கையெழுத்திட்ட முதல் ஆணைகளிலே ஒன்று, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம். மறுநாளே நடைமுறைக்கு வந்தது. கணவனிடம் காசு கேட்டுக் கையேந்தாமல் வேலைக்குப் போனாள் தமிழ்ப் பெண். அந்த ஆணையின் பயன் முழுமையாக வேண்டுமென்றால், பஸ் அவள் தெருமுனைக்கு வர வேண்டும். வந்த பஸ் ரயிலடியையும் தொட வேண்டும். டிக்கெட் இலவசமானாலும் பஸ் வராத ஊரிலே அந்த இலவசத்தை எங்கே போய் வாங்குவது? 1997-இல் கழக ஆட்சி கொண்டுவந்த மினி பஸ் திட்டம், பஸ் காணாத பட்டிகளுக்குப் பஸ்ஸைக் காட்டியது. அந்தச் சிறு வண்டிகள் ஒவ்வொன்றின் வழித்தடமும் அருகிலுள்ள ரயில் நிலையத்தின் வாசலைத் தொட்டுப் போகும்படி வகுத்தால் என்ன? ரயில் வருகிற நேரத்திற்குக் கால்மணி முன்னே பஸ் வந்தால் என்ன? செலவு காசா, பணமா? கால அட்டவணைத் தாளிலே இரண்டு வரி!

விழுப்புரத்தையே பாருங்கள். ரயில் சந்திப்பு ஓரிடத்திலே. புதிய பேருந்து நிலையம் வேறோர் இடத்திலே. மூட்டை முடிச்சோடு இறங்குகிறவன் ஆட்டோவுக்குக் கொடுக்கிற பணம், சில வேளை ரயிலுக்குக் கொடுத்ததைவிட அதிகம்! தலைநகரிலும் இதே கதைதான். 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கத்திலே கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. 88 ஏக்கர்! கண்ணைக் கவரும் கட்டடம்! தென்மாவட்டத்துப் பஸ்கள் கோயம்பேட்டை விட்டு அங்கே வந்தன. கோயம்பேட்டிலே இறங்கியவனுக்கு வாசலிலேயே மெட்ரோ ரயில் இருந்தது. கிளாம்பாக்கத்திலே இறங்கியவனுக்கோ, கண்ணெதிரே மின்சார ரயில் ஓடியது. நிற்க நிலையம் இல்லை! வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்திற்கும் இடையே நிலையம் கட்டும் வேலை, முனையம் திறந்த பிறகும் நடந்துகொண்டிருந்தது. நம் தோழர்கள் முகம் சுளிக்க வேண்டாம். கலைஞரின் பெயரைத் தாங்கிய முனையத்திலே ஒரு குறை என்றால், அதை முதலிலே சொல்ல வேண்டியவர்கள் நாம்தான். மாற்றான் சொன்னால் தூற்றல். நாம் சொன்னால் திருத்தம். பாடம் இதுதான்: பேருந்து நிலையத்திற்கு அடிக்கல் நாட்டும் நாளிலேயே ரயில் நிலையத்திற்கும் அடிக்கல் நாட்ட வேண்டும். தாலியை இன்று கட்டிவிட்டு, மாப்பிள்ளையை அடுத்த ஆண்டு அழைத்து வரலாமா?

இன்னும் ஒன்று. முண்டியம்பாக்கத்திலே, நெடுஞ்சாலையோரத்திலே இருக்கிறது விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 2010-இல் கழக ஆட்சியிலே பிறந்தது. மாவட்டத்தின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் நோயாளிகள் வருகிறார்கள். மருத்துவமனை சாலைக்கு ஒரு பக்கம். மறுபக்கம் இறங்குகிறவர் நான்கு வழிச் சாலையைக் கடந்தாக வேண்டும். கார்கள் பறக்கின்றன, லாரிகள் உறுமுகின்றன. நடுவிலே, வயிற்றுப் பிள்ளைத்தாய்ச்சியும், கண்ணுக்கு மருந்து போட வந்த முதியவரும்! நோய் தீர்க்க வந்தவன் சாலையிலே உயிரைப் பணயம் வைப்பதா? அதே முண்டியம்பாக்கத்திலே ரயில் நிலையமும் உண்டு. மருத்துவமனைக்கு வருகிறவர்களின் நேரத்தை அறிந்து நாலு வண்டி நிற்கவும், நிலையத்து வாசலிலிருந்து மருத்துவமனை வாசலுக்கு ஒரு சிறு பஸ் ஓடவும் ஏற்பாடு செய்தால், அந்தச் சாலையை எத்தனை பேர் கடக்காமலே உயிரோடு வீடு திரும்புவார்கள்!

மாற்றுத்திறனாளிகளின் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. போக்குவரத்திலே தடையின்மை வேண்டும் என்று அது பேசுகிறது. சென்னையிலே 2024-இல் தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. சக்கர நாற்காலியோடு ஏறலாம். நல்லது. ஆனால், விக்கிரவாண்டிச் சாலையிலே வரும் பஸ்ஸின் முதற்படி இன்னும் முழங்கால் உயரம்! ஊனமுற்றவன் சென்னையிலே மட்டும்தான் பிறக்கிறானா?

‘ஊருக்கு ஊர் நின்றால் வண்டி என்றைக்குப் போய்ச் சேருவது?’ என்று ஒரு மேதாவி கேட்பார். எல்லா வண்டியும் எல்லா ஊரிலும் நிற்க வேண்டும் என்று யார் கேட்டார்கள்? வேலைக்குப் போகும் காலையிலே சென்னைப் பக்கமாகவும், வேலை முடிந்த மாலையிலே விழுப்புரம் பக்கமாகவும், எல்லா நிலையத்திலும் நின்று செல்லும் மின்தொடர் வண்டிகள் போதுமான அளவுக்கு ஓடட்டும். அவை நின்ற நொடியிலே வேகம் பிடிக்கக் கூடியவை, அதற்கென்றே செய்யப்பட்டவை. நீண்டதூர வண்டிகளிலே காலைக்கொன்று மாலைக்கொன்று விக்கிரவாண்டியிலே இரண்டு நிமிடம் நிற்கட்டும். இரண்டே நிமிடம்! சுங்கச்சாவடியிலே மணிக்கணக்கிலே காத்துக் கிடக்கப் பழகிய நாடு, ஓர் ஏழை ஏறுவதற்கு இரண்டு நிமிடம் காத்திருக்காதா?

தோழர்களே! எழுதிவிட்டோம், படித்துவிட்டீர்கள் என்று இதழை மடித்து வைத்துவிடாதீர்கள். மனு எழுதினால் மட்டும் போதாது; கணக்கோடு எழுத வேண்டும். அவர்கள் எண்ணிக்கை கேட்கிறார்கள் அல்லவா? எண்ணிக் கொடுங்கள்! வார்டு வார்டாகச் செல்லுங்கள். விழுப்புரம் போய் ரயில் ஏறுகிறவர் எத்தனை பேர், எத்தனை மணி வண்டி, எந்த ஊருக்கு, எவ்வளவு செலவு என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுங்கள். வாக்காளர் பட்டியலை விரல் நுனியிலே வைத்திருக்கும் நமக்கு இது பெரிய வேலையா? விக்கிரவாண்டியிலே நிற்கிற வண்டிக்கு விக்கிரவாண்டியிலேயே டிக்கெட் வாங்குங்கள். மாதச் சீட்டையும் அங்கேயே எடுங்கள். உங்கள் ஊரின் பணம் உங்கள் ஊரின் பெயரிலே ஏறட்டும். எந்தப் பஸ், என்றைக்கு, எத்தனை மணிக்கு ஊருக்குள் வராமல் போயிற்று என்று வண்டி எண்ணோடு குறித்து வையுங்கள். ஏட்டை நிரப்பிக்கொண்டு போய் ரயில்வே கோட்ட மேலாளரிடமும், போக்குவரத்துக் கழக அதிகாரியிடமும், நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களிடமும் வையுங்கள். நம் கட்சிக்காரர் என்று சலுகை காட்டாதீர்கள்; மாற்றுக் கட்சிக்காரர் என்று ஒதுங்காதீர்கள். கும்பிட்டுக் கேட்க வேண்டியதில்லை, குரலெழுப்பிக் கேளுங்கள். தண்டவாளத்திலே தலை வைத்த இயக்கத்தின் பிள்ளைகளுக்குத் தாளிலே எண்களை எழுதவா தெரியாது?

ஏறாதே என்றவனை வென்றோம். எழுந்திரு என்றவனை வென்றோம். இன்று நம் எதிரே இருப்பவன் வாய் திறந்து ஒன்றும் சொல்வதில்லை. நிற்காமல் போகிறான், அவ்வளவுதான். அவனையும் வெல்வோம். ஏழையின் ஊரிலே வண்டி நிற்கட்டும்!